பிளானட்டரி கியர்பாக்ஸைக் கழற்றிப் பராமரித்தல்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கன்வேயர், வின்ச், கிரேன், கான்கிரீட் மிக்சர், எக்ஸ்கவேட்டரின் டிராக் டிரைவ் (சங்கிலித் தடத்தை ஓட்டும் பகுதி) என, குறைந்த இடத்துக்குள் பெரிய திருப்புவிசை தேவைப்படும் இயந்திரங்களில் பெரும்பாலும் பிளானட்டரி கியர்பாக்ஸே பொருத்தப்பட்டிருக்கும். சாதாரண ஹெலிகல் கியர்பாக்ஸின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு ஜோடிச் சக்கரங்கள் முழுச் சுமையையும் கடத்துகின்றன. பிளானட்டரியில் அதே சுமையை மூன்று, நான்கு, சில வேளைகளில் அதற்கும் மேற்பட்ட பிளானட் கியர்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. சிறிய உருவத்துக்குள் அவ்வளவு வலிமை அடங்கியிருப்பதற்கு இந்தப் பங்கீடுதான் காரணம். அது குலைந்தால், மூன்று சக்கரங்கள் சுமக்க வேண்டியதை ஒன்றே சுமக்க நேர்ந்து, பற்கள் பெயரத் தொடங்கும். ஆகவே கழற்றும்போதும் மீண்டும் பூட்டும்போதும் செய்கிற ஒவ்வொரு வேலையையும், "இது சுமைப் பங்கீட்டைக் காக்குமா, கெடுக்குமா?" என்ற ஒரே கேள்வியை முன்வைத்துச் செய்ய வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது

நடுவில் சன் கியர். அதைச் சுற்றிப் பிளானட் கியர்கள். அவற்றை வெளியிலிருந்து வளைத்து நிற்பது உட்பற்கள் கொண்ட ரிங் கியர். பிளானட் கியர்கள் சுழலும் அச்சுத் தண்டுகளான பின்களைத் தாங்கும் சட்டம் கேரியர். தொழிற்சாலைகளில் அதிகம் காணப்படும் அமைப்பில் ரிங் கியர் அசையாமல் நிற்க, மோட்டாரின் சுழற்சி சன் கியர் வழியாக உள்ளே வந்து கேரியர் வழியாக வெளியேறுகிறது. அப்போது வேக விகிதம், ரிங் கியரின் பல் எண்ணிக்கையைச் சன் கியரின் பல் எண்ணிக்கையால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் கிடைக்கும். சன் கியருக்கு 20 பற்கள், ரிங் கியருக்கு 70 பற்கள் என்றால் விகிதம் 4.5. இப்படி இரண்டு கட்டங்கள் அடுத்தடுத்து இருந்தால் 4.5 பெருக்கல் 4.5, அதாவது 20.25. முதல் கட்டத்தின் கேரியரே இரண்டாம் கட்டத்தின் சன் கியரை ஸ்ப்லைன் (ஷாஃப்ட்டின் நீளவாக்கில் வெட்டிய பற்கள்) மூலம் சுழற்றும்.

இந்தக் கணக்கு, கிடங்கிலிருந்து வந்த மாற்றுச் சக்கரம் சரியானதுதானா என்று பார்க்க உதவும். மேற்சொன்ன எடுத்துக்காட்டில் பிளானட் கியருக்கு 25 பற்கள் இருக்கும். சன் கியரின் பற்களோடு பிளானட் கியரின் பற்களை இருமடங்காக்கிக் கூட்டினால் ரிங் கியரின் பற்கள் வரும் என்பது பொதுவான கணக்கு. பல் வடிவத்தைத் திருத்தி வெட்டியிருக்கும் சில வடிவமைப்புகளில் இதில் ஓரிரு பல் வேறுபடலாம். பிளானட்கள் சம இடைவெளியில் பொருந்த வேண்டுமானால், சன், ரிங் இரண்டின் பற்களையும் கூட்டிய தொகை பிளானட்களின் எண்ணிக்கையால் மீதியின்றி வகுபட வேண்டும்: 90ஐ 3ஆல் வகுத்தால் 30.

புதியவர்கள் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பல வடிவமைப்புகளில் சன் கியருக்கெனத் தனி பேரிங் கிடையாது. அது பிளானட்களுக்கு நடுவே மிதந்து, தன் இடத்தைத் தானே தேடிக்கொள்கிறது. சுமை சமமாகப் பிரிவதற்காக வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. கையால் அசைத்தால் சன் ஷாஃப்ட் ஆடுகிறது என்பதைப் பழுது என்று எடுத்துக்கொண்டு, அந்த இடைவெளியை ஷிம் (மெல்லிய தகடு) வைத்து அடைத்துவிடக் கூடாது.

முதலில், திறக்க வேண்டுமா

திறக்காமலேயே அறியக்கூடியவை நிறைய இருக்கின்றன: ஆயிலின் நிறமும் மணமும், காந்த டிரெயின் பிளக்கில் ஒட்டியிருப்பவை, ஓடும்போது வரும் சத்தம், மேலோட்டின் வெப்பம், சீல் ஓரத்துக் கசிவு. இவை எல்லாம் இயல்பாக இருக்கும்போது, "நாளாகிவிட்டது" என்ற ஒரே காரணத்துக்காகத் திறப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தூசி உள்ளே போக ஒரு வாய்ப்பு உண்டாகிறது; நன்றாகப் படிந்து ஓடிக்கொண்டிருக்கும் பற்களின் சேர்க்கையும் கலைகிறது. சர்வோ மோட்டாரோடு வரும் சிறிய துல்லிய வகைகளைப் புதியவர்கள் திறக்கவே வேண்டாம். அவற்றின் பேக்லாஷ் (பற்களுக்கு இடையிலான தளர்வு) கோண அளவில் சில நிமிடங்களுக்குள் (ஒரு நிமிடம் என்பது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) அடங்கும்படி தொழிற்சாலையில் தேர்ந்து பொருத்தப்பட்டிருக்கும். பொதுப் பட்டறையில் அந்த அளவை மீட்பது அரிது.

பிளக்கில் செதில் செதிலாக உலோகம், ஆயிலில் தண்ணீர், வழக்கத்துக்கு மாறான தட்டும் ஓசை, திடீரென ஏறிய வெப்பம், ஷாஃப்ட்டில் கூடிய ஆட்டம் ஆகியவற்றில் எதுவானாலும் அதைக் கண்டபின் ஓட்டிக்கொண்டே இருக்கக் கூடாது. ஒரு பிளானட் கியரின் பேரிங்கோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, உடைந்த துண்டு பற்களுக்கு நடுவே சிக்கினால் ரிங் கியர் வரை போய்விடும்.

நிறுத்துதலும் பாதுகாப்பும்

மின்சாரத்தைத் துண்டித்து, சுவிட்சில் பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவரே வைத்துக்கொள்ள வேண்டும். ஹைட்ராலிக் மோட்டார் என்றால் பம்பை நிறுத்தியபின் குழாயில் தேங்கிய அழுத்தத்தையும் வெளியேற்ற வேண்டும். இவை எந்த இயந்திரத்துக்கும் பொதுவானவை. பிளானட்டரிக்கே உரிய ஆபத்துகள் இரண்டு உண்டு.

முதலாவது, தொங்கும் சுமை. வின்ச், லிஃப்ட், சரிவான கன்வேயர் ஆகியவற்றில் பிரேக் பெரும்பாலும் மோட்டாருக்கும் முதல் கட்டச் சன் கியருக்கும் நடுவில் இருக்கும். மோட்டாரைக் கழற்றினாலும் பிரேக் பிடித்தபடி இருப்பதால் எல்லாம் பத்திரமாக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் பிரேக்குக்கு அப்பால் உள்ள சன் ஷாஃப்ட்டை உருவிய நொடியில் சுமையைப் பிடித்து வைக்க எதுவும் இருக்காது. எனவே சுமையைத் தரையில் இறக்கி வைத்த பிறகே, அல்லது கயிறு சுற்றும் டிரம்மை இயந்திர முறையில் தனியாகப் பூட்டிய பிறகே, முதல் போல்ட்டைத் தொட வேண்டும்.

இரண்டாவது, அந்தப் பிரேக்குக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகள். இவ்வகைப் பிரேக்கில் ஸ்பிரிங் பிடிக்கும், ஹைட்ராலிக் அழுத்தம் விடுவிக்கும். மூடியின் போல்ட்களை ஒன்றன்பின் ஒன்றாக முழுதும் கழற்றினால், கடைசி இரண்டு போல்ட்கள் எல்லா ஸ்பிரிங்குகளின் விசையையும் தாங்க நேரும். எதிரெதிர் போல்ட்களை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, ஸ்பிரிங் முழுவதும் தளர்ந்துவிட்டது என்று உறுதியான பிறகே எடுக்க வேண்டும். சில வடிவமைப்புகளுக்கு நீளமான தனி போல்ட்களைக் கையேடு கேட்கும். அவை இல்லாமல் தொடங்க வேண்டாம்.

ஆயிலை வடித்தல்

ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடிப்பது நல்லது. அடியில் தங்கும் துகள்களும் சேர்ந்து வெளியேறும். கை சுடும் அளவுக்குச் சூடாக இருந்தால் காத்திருக்க வேண்டும். முதலில் பிரீதரை (காற்று வந்துபோக விடும் மூடியை) அல்லது மேல் பிளக்கை மெதுவாகத் திறந்து உள்ளழுத்தத்தை விட்டு, பிறகு டிரெயின் பிளக்கைத் திறக்க வேண்டும். முதலில் வரும் சிறிதளவை விட்டுவிட்டு, நடுவில் ஓடும் ஆயிலைச் சுத்தமான பாட்டிலில் மாதிரியாகப் பிடித்து, தேதியையும் ஓடிய மணிக்கணக்கையும் எழுதி வைக்க வேண்டும்.

கியர்பாக்ஸ் தன் நோயைச் சொல்லும் இடம் இதுதான் என்பதால் அவசரப்படக் கூடாது. பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பிரீதரையும் சீலையும், கூலர் இருந்தால் அதையும் சந்தேகிக்க வேண்டும். கறுத்துக் கருகிய நெடி வந்தால் அதிக வெப்பம். பிளக்கில் மென்மையான சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். நகத்தால் எடுக்கக்கூடிய செதில்கள் என்றால் பல்லிலோ பேரிங்கிலோ மேற்பரப்பு பெயர்ந்திருக்கிறது. காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் மினுக்கம் தெரிந்தால், அது பெரும்பாலும் வெண்கலத் திரஸ்ட் வாஷரிலிருந்தோ (அச்சுவாக்கில் வரும் தள்ளுவிசையைத் தாங்கும் வளையம்) பித்தளைப் பேரிங் கேஜிலிருந்தோ (ரோலர்களைப் பிரித்து வைக்கும் கூடு) வந்தது. கிடைத்த செதில்களைத் துடைத்து எறியாமல் ஒரு சிறு பையில் இட்டு வைத்தால், பின்னால் உள்ளே காணும் குழிகளோடு பொருத்திப் பார்க்கலாம்.

கழற்றுவதற்கான ஆயத்தம்

பெயர்த்தகட்டில் உள்ள வகை, வரிசை எண், விகிதம், ஆயில் தரம், பொருத்தும் நிலை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, அதே வரிசை எண்ணுக்குரிய கையேட்டையும் பாகங்கள் பிரித்துக் காட்டப்பட்ட வரைபடத்தையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். வெளிப்புறத்தை முழுமையாகக் கழுவி உலர்த்திய பிறகே பட்டறை மேசைக்குக் கொண்டுவர வேண்டும். இணைப்புக் கோடுகளின் ஓரத்தில் உறைந்திருக்கும் மண், மூடியைத் தூக்கிய கணத்தில் நேராக உள்ளேதான் விழும்.

அடுத்து, ஒவ்வொரு இணைப்பின் குறுக்கேயும் குறி இட வேண்டும். பெயிண்ட் மார்க்கர் கழுவும்போது அழிந்துவிடக்கூடும். ஆதலால் பற்களோ சீல் பரப்போ இல்லாத வெளிப்புற விளிம்பில் சென்டர் பஞ்ச்சால் முதல் இணைப்புக்கு ஒரு புள்ளி, இரண்டாம் இணைப்புக்கு இரண்டு புள்ளி என்று இடுவது நம்பகமானது. பிளக்குகள், பிரீதர், உட்கால்வாய்கள் எல்லாம் ஒரே நிலையில்தான் பொருந்த வேண்டும் என்பதோடு, ரிங் கியர் தன் பழைய இடத்திலேயே அமர்வதற்கும் இக்குறிகளே வழி.

தூக்குவதில் கவனம் வேண்டும். ஐ-போல்ட் நேர் மேலாக இழுக்கும்போதுதான் தன் முழுத் திறனைக் காட்டும்; சாய்வாக இழுத்தால் அந்தத் திறன் வெகுவாகக் குறையும். இரண்டு ஸ்லிங்குகளுக்கு இடைப்பட்ட கோணம் 120 டிகிரியை எட்டினால், ஒவ்வொரு ஸ்லிங்கும் பாதி எடையை அல்ல, முழு எடையையே தாங்குகிறது.

கட்டம் கட்டமாகக் கழற்றுதல்

அவுட்புட் ஷாஃப்ட் கீழ்நோக்கியும் இன்புட் பக்கம் மேல்நோக்கியும் இருக்குமாறு உறுதியான ஸ்டாண்டில் நிறுத்தினால், ஒவ்வொரு கட்டமும் நேராக மேலே தூக்கக்கூடியதாக இருக்கும். மோட்டாரும் பிரேக்கும் முதலில். பிறகு முதல் கட்டச் சன் கியர், முதல் கட்டக் கேரியர். அதன்பின் இரண்டாம் கட்டம் என்ற வரிசையில் இறங்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித் தட்டு. ஒரே அளவாகத் தெரிந்தாலும் ஒரு கட்டத்தின் வாஷரை இன்னொரு கட்டத்தின் தட்டில் போடக் கூடாது.

ரிங் கியரும் ஹவுசிங்கும் சேரும் இணைப்பு இறுகிப்போயிருந்தால் உளியைச் செருகி நெம்பத் தோன்றும். அந்த ஓர் அடியில் ஏற்படும் வடுவே பிற்காலக் கசிவுக்கு வழியாகும். ரிங் கியர் கோணலாக அமரவும் காரணமாகும். பெரும்பாலான ஹவுசிங்குகளில் நெம்பித் தள்ளுவதற்கென்றே மரையிட்ட துளைகள் இருக்கும். அவற்றில் போல்ட்களைப் போட்டு எதிரெதிராகச் சமமாக இறுக்கினால் இணைப்பு தானே பிரியும். அப்படித் துளை இல்லையென்றால் நைலான் சுத்தியலால் சுற்றிலும் தட்டலாம். கடினப்படுத்திய பற்களை எஃகுச் சுத்தியலால் எந்தச் சூழலிலும் அடிக்கக் கூடாது. சன், பிளானட் கியர்களின் பல் மேற்பரப்பு வழக்கமாக 58 முதல் 62 ராக்வெல் சி (உலோகத்தின் கடினத்தை அளக்கும் அளவுகோல்) வரை கடினம் கொண்டது. அடித்தால் நசுங்காமல் சில்லாகத் தெறித்துக் கண்ணைப் பதம் பார்க்கும்.

கேரியரைத் தூக்கும்போது அதன் அடிப்பக்கத்தைக் கவனிக்க வேண்டும். திரஸ்ட் வாஷரோ தேய்வுத் தட்டோ ஆயிலின் பிசுபிசுப்பால் அங்கே ஒட்டிக்கொண்டு வந்து, பாதி வழியில் நழுவி எங்கோ விழும். அது எந்தப் பக்கம் பார்த்தபடி இருந்தது என்பதை எடுப்பதற்கு முன்பே படம் பிடித்துவிடுவது நல்ல பழக்கம்.

பிளானட் கியர்களைக் கேரியரிலிருந்து பிரிப்பதற்கு முன், ஒவ்வொரு சக்கரமும் எந்தப் பின்னில், எந்த முகம் மேலாக இருந்தது என்பதைக் குறிக்க வேண்டும். மீண்டும் பயன்படுத்துவதாக இருந்தால் அவை அதே இடத்துக்கு, அதே முகமாகத் திரும்ப வேண்டும். அவற்றின் பற்கள் அந்த நிலையில்தான் ஒன்றுக்கொன்று படிந்திருக்கின்றன. பின்னைப் பிடித்திருப்பது சர்க்லிப்பாக (பள்ளத்தில் அமரும் வில்வளையம்) இருக்கலாம், பூட்டுத் தகடாக இருக்கலாம், குறுக்கே அடிக்கப்பட்ட ரோல் பின்னாகவும் (சுருட்டிய தகட்டாலான சிறு பின்) இருக்கலாம். ரோல் பின் வகையில் அதைப் பிளானட் பின்னின் நடுத்துளைக்குள் முழுதும் இறங்கும்வரை தட்டிய பிறகுதான் பிளானட் பின்னை வெளியே தள்ள வேண்டும். வரைபடத்தைப் பார்க்காமல் நேரடியாக ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்து அழுத்தினால் கேரியரின் துளை கீறப்பட்டு, கேரியரே வீணாகும்.

சில சிறு கியர்பாக்ஸ்களில் பிளானட்டுக்குள் கேஜ் இல்லாத நீடில் ரோலர்கள் (ஊசிபோல் மெலிந்த உருளைகள்) தளர்வாக அடுக்கப்பட்டிருக்கும். விளிம்புள்ள தட்டின் மேல் வைத்தே பின்னை உருவி, ரோலர்களை எண்ணி எழுதிக்கொள்ள வேண்டும். ஒன்று குறைந்தால் அது எங்கே என்று தெரியும்வரை வேலையைத் தொடரக் கூடாது. அவை மைக்ரான் அளவில் தரம் பிரிக்கப்பட்டவை என்பதால், ஒன்று கெட்டிருந்தாலும் முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும்.

அவுட்புட் ஷாஃப்ட்டையும் அதன் டேப்பர் ரோலர் பேரிங்குகளையும், சீல் கசிவோ பேரிங் ஓசையோ ஆட்டமோ இல்லாதபோது தொட வேண்டாம். தொடத்தான் வேண்டும் என்றால், கழற்றுவதற்கு முன் ஷாஃப்ட்டைச் சுற்ற எவ்வளவு திருப்புவிசை தேவைப்படுகிறது என்று அளந்து எழுதிவைக்க வேண்டும். பேரிங்குகள் முன்னழுத்தத்தோடு (உள்ளே இடைவெளி இல்லாதபடி முன்கூட்டியே இறுக்கி) பூட்டப்பட்டிருக்கின்றனவா, அது இன்னும் மிச்சமிருக்கிறதா என்பதற்கு அந்த அளவீடே சாட்சி.

கழுவும் முன் பார், கழுவிய பின்னும் பார்

ஆயில் படிந்த நிலையிலேயே பாகங்களைப் படம் பிடித்த பிறகு, எளிதில் தீப்பற்றாத கழுவும் திரவத்தில் காற்றோட்டமான இடத்தில் கழுவ வேண்டும். பேரிங்கைக் காற்றழுத்தக் குழாயால் ஊதிச் சுழலவிடுவது பலருக்கும் உள்ள தீய பழக்கம். எண்ணெயின்றி அதிவேகமாகச் சுழலும் ரோலர்கள் தங்கள் பாதையைக் கீறிக்கொள்ளும், கேஜ் உடைந்தால் ஆளையும் காயப்படுத்தும். உலர்ந்தவுடன் மெல்லிய ஆயில் பூச்சு கொடுத்து, நூல் பிரியாத துணியால் மூடிவைக்க வேண்டும்.

இனி ஒவ்வொரு பாகத்தையும் அதன் சுமையின் தன்மை அறிந்து பார்க்க வேண்டும். சன் கியரின் ஒவ்வொரு பல்லும், கேரியரோடு ஒப்பிட்ட ஒரு சுற்றில், பிளானட்கள் எத்தனையோ அத்தனை முறை சுமையை ஏற்கிறது. ஆகவே சோர்வினால் வரும் குழிகள் முதலில் தென்படும் இடம் பெரும்பாலும் அதுதான். பிளானட் கியருக்கோ வேறு வகைத் துன்பம்: அது ஒருபுறம் சன் கியரோடும் மறுபுறம் ரிங் கியரோடும் பொருந்துவதால், அதன் ஒவ்வொரு பல்லும் ஒரே சுற்றில் இரு திசைகளிலும் வளைக்கப்படுகிறது. இதனால் அதன் பல்லின் அடிவேரில் விரிசல் தேடுவது கட்டாயம். கண்ணுக்குத் தெரியாத விரிசலைச் சாய ஊடுருவல் சோதனையோ காந்தத் துகள் சோதனையோ காட்டும். ரிங் கியர் பல வடிவமைப்புகளில் மற்ற இரண்டையும்விடக் கடினம் குறைந்தது. அதில் தேய்மானத்தின் சீரற்ற பரவலைப் பார்க்க வேண்டும். பல்லின் அகலத்தில் ஒரு விளிம்பு மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் கேரியரோ அதன் பேரிங்கோ சாய்ந்திருக்கிறது என்று பொருள்.

மூன்று பிளானட்களையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதுதான் இந்தச் சோதனையின் உச்சம். மூன்றிலும் தேய்மானத் தடம் ஒரே மாதிரி இருந்தால் சுமை சமமாகப் பிரிந்திருக்கிறது. ஒன்றில் மட்டும் ஆழமாகவும் மற்றவற்றில் மெலிதாகவும் இருந்தால், அந்த ஒரு சக்கரத்தைப் புதிதாக மாற்றுவதோடு வேலை முடிந்துவிடாது. அதன் பின் அமரும் கேரியர் துளை தேய்ந்து நகர்ந்திருக்கிறதா, கேரியர் முறுக்கிக்கொண்டிருக்கிறதா, பேரிங் உட்கார்ந்துவிட்டதா என்று காரணத்தைத் தேட வேண்டும்.

பிளானட் பின் கேரியரில் சுழலாமல் நிற்பதால், ஒரே திசையில் ஓடும் இயந்திரத்தில் சுமை எப்போதும் அதன் ஒரே பக்கத்தில் விழுகிறது. பின்னைச் சுற்றிப் பல இடங்களில் மைக்ரோமீட்டரால் அளக்காமல் ஓரிடத்தில் மட்டும் அளந்தால் தேய்மானம் தப்பிவிடும். கேரியரில் பின்கள் அமரும் துளைகளுக்கும் இணைப்புத் தூண்களுக்கும் இடையேயான மூலைகளில் விரிசல் பார்க்க வேண்டும். ஸ்ப்லைன் பற்களில் செந்நிறத் தூள் தெரிந்தால், சுமையின்கீழ் மிக நுண்ணிய அசைவால் உலோகம் அரிக்கப்படுகிறது. மேற்பரப்புக் குழிகள், உராய்ந்து பொசுங்கிய கீற்றுகள், நுண்குழிகளால் வரும் மங்கலான சாம்பல் பட்டை ஆகியவற்றை வகைப்படுத்தப் பற்களுக்கு ஐஎஸ்ஓ 10825, ரோலர் பேரிங்குகளுக்கு ஐஎஸ்ஓ 15243 என்ற தர ஆவணங்கள் உண்டு. அறிக்கை எழுதுபவர் அவற்றின் சொற்களைக் கையாண்டால் யார் படித்தாலும் ஒரே பொருள் கொள்வார்கள்.

மாற்றும் முடிவில் ஒரு விதி: பிளானட் கியர்களை ஒரு கட்டத்துக்குத் தொகுதியாகவே மாற்ற வேண்டும். இரண்டு பழையதும் ஒன்று புதியதும் கலந்தால், தேயாத பற்களைக் கொண்ட புதிய சக்கரமே மிகுதியான சுமையை வாங்கிக்கொள்ளும். பேரிங்குகளுக்கும் இதே விதி. ஓ-ரிங், ஆயில் சீல், பூட்டு வாஷர் ஆகியவற்றை எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் மறுபடி போட வேண்டாம்.

பூட்டுதல்

கழற்றிய வரிசையைத் திருப்பினால் போதும் என்று சொல்வார்கள். ஆனால் தவறுகளில் பெரும்பகுதி இங்கேதான் நேர்கிறது. பேரிங்கை ஷாஃப்ட்டில் ஏற்ற இண்டக்‌ஷன் ஹீட்டரில் சுமார் 80 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் போதும். 120 டிகிரியைத் தாண்ட விடக் கூடாது, நேரடித் தீயைக் காட்டவே கூடாது. பிரஸ்ஸில் ஏற்றுவதானால் இறுக்கமாகப் பொருந்தும் வளையத்தின் மேல் மட்டுமே விசை விழ வேண்டும். ரோலர்களின் வழியாக விசை போனால், அவை ஓடும் பாதையில் பதியும் சிறு பள்ளங்கள் சில வாரங்களில் ஓசையாகத் திரும்பிவரும்.

டேப்பர் பேரிங்கின் பூட்டு நட்டை இறுக்கும்போது ஷாஃப்ட்டைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் ரோலர்கள் தங்கள் இருக்கையில் ஒழுங்காக அமரும். சுற்றும் திருப்புவிசை கையேட்டில் சொன்ன எல்லைக்குள் வந்ததும் பூட்டு வாஷரின் நாக்கை மடித்துவிட வேண்டும்.

ஆயில் சீலின் உதடு ஆயிலை நோக்கி இருக்க வேண்டும். உதடு ஓடிய இடத்தில் ஷாஃப்ட்டில் நகம் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால், மெல்லிய உறை ஒன்றைப் பொருத்தலாம், அல்லது வடிவமைப்பு இடம் கொடுத்தால் சீலைச் சிறிது தள்ளி அமர்த்தலாம். ஸ்ப்லைன், சாவிக்குழி இவற்றின் மேல் டேப் சுற்றி, உதட்டில் கிரீஸ் தடவிய பின்னரே சீலை நழுவவிட வேண்டும். டிராக் டிரைவ்களில் காணப்படும் இரட்டை உலோக வளையச் சீல்களின் கதை வேறு: அவற்றின் மெருகேற்றிய முகங்கள் ஜோடியாகவே பழகியவை, ஜோடி மாற்றக் கூடாது, அவற்றின் ரப்பர் வளையங்களும் அவை அமரும் பள்ளமும் ஆயிலின்றி உலர்ந்திருக்க வேண்டும், இல்லையெனில் வளையம் வழுக்கிச் சுழலும், உலோக முகங்களில் மட்டும் மெல்லிய ஆயில் பூச்சு இடலாம்.

கேரியரில் பிளானட்களைப் பூட்டியபின் ஒவ்வொன்றும் விரலால் சுழற்றினால் தடையின்றிச் சுழல வேண்டும். பக்கவாட்டு இடைவெளியை ஃபீலர் கேஜால் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) சரிபார்க்க வேண்டும். சன் கியரை இறக்கும்போது மெல்லச் சுழற்றிக்கொண்டே இறக்கினால் பற்கள் தாமாகவே இடம் கண்டுபிடிக்கும். இறங்க மறுத்தால் எங்கோ ஒரு பிளானட் தவறாக இருக்கிறது. தட்டி இறக்க முயலாமல் மேலே எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரே பிளானட்டில் இரண்டு அளவுப் பற்கள் கொண்ட படிநிலை வகைகளில் குறிகள் பொறிக்கப்பட்டிருக்கும். அவை எல்லாம் ஒரே சமயத்தில் நேர்ப்பட்டால்தான் பொருத்தம் சரி.

ஹவுசிங், ரிங் கியர் முகங்களில் பழைய சீலண்ட், பெயிண்ட், ஆயில் எதுவும் மிச்சமிருக்கக் கூடாது. பெரும்பாலான வடிவமைப்புகளில் அந்த முகங்களுக்கு இடையிலான உராய்வே திருப்புவிசையைத் தாங்குகிறது. போல்ட்கள் முகங்களை இறுக்கிப் பிடிக்க மட்டுமே உள்ளன. முகங்கள் வழுக்கினால் போல்ட்கள் பக்கவாட்டில் வெட்டுப்படும். கியர்பாக்ஸை இயந்திரத்தோடு சேர்க்கும் ஃபிளாஞ்சுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதன்மேல் தடிமனாக அடித்த பெயிண்ட் பிற்பாடு நசுங்கி, போல்ட்களைத் தளரச் செய்யும். போல்ட் தலையில் 10.9 என்றிருந்தால் அதன் இழுவலிமை 1000 மெகாபாஸ்கல், அதில் 90 சதவீதத்தை எட்டும்போது நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்று பொருள். அந்த இடத்தில் 8.8 போல்ட்டைப் போட்டால் அதே இறுக்கத்தில் அது நீண்டுவிடும். டார்க் ரெஞ்சால் எதிரெதிராக, சொல்லப்பட்ட அளவில் முதலில் மூன்றில் ஒரு பங்கு, பிறகு மூன்றில் இரண்டு பங்கு, கடைசியில் முழு அளவு என்று மூன்று சுற்றாக இறுக்க வேண்டும்.

ஆயில் நிரப்புதலும் ஓட்டிப் பார்த்தலும்

ஐஎஸ்ஓ விஜி 220, 320, 460 என்ற எண்கள் 40 டிகிரி செல்சியஸில் ஆயிலின் பிசுபிசுப்பைக் குறிக்கின்றன. பெயர்த்தகட்டில் உள்ள எண்ணை மட்டுமன்றி, அடிப்படை வகையையும் பார்க்க வேண்டும். பாலிகிளைக்கால் வகைச் செயற்கை ஆயிலைக் கனிம ஆயிலோடு கலக்கக் கூடாது; வகை மாற்றுவதென்றால் முழுதும் அலசி எடுத்த பிறகே புதியதை ஊற்ற வேண்டும். அளவு, கியர்பாக்ஸ் படுத்திருக்கிறதா நிற்கிறதா என்பதைப் பொறுத்தது. நிற்கும் நிலையில் மேல் பேரிங்குக்கு ஆயில் எட்ட வேண்டுமென்பதால், முழுதும் நிரப்பி மேலே விரிவுத் தொட்டி வைக்கும் அமைப்பும் உண்டு. படுத்த நிலையில் கூடுதலாக ஊற்றுவது நன்மை செய்வதற்குப் பதில் ஆயிலைக் கடைந்து நுரையையும் வெப்பத்தையும் உண்டாக்கும். கட்டங்களுக்கு இடையே ஆயில் மெதுவாகத்தான் இறங்கும் என்பதால், ஊற்றிச் சிறிது நேரம் விட்டு, சில நிமிடம் சுமையின்றி ஓட்டி, நிறுத்தி மறுபடி மட்டம் பார்க்க வேண்டும்.

முதல் ஓட்டத்தைச் சுமையின்றி இரு திசையிலும் தொடங்கி, ஓசை, வெப்பம், கசிவு மூன்றும் சீராக இருந்தால் படிப்படியாகச் சுமையை ஏற்ற வேண்டும். வெப்பம் ஏறி ஓரிடத்தில் நின்றுவிடுவது இயல்பு. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் நிறுத்திவிட வேண்டும். ஒரு கட்டத்தின் திறன் 98 சதவீதம் என்று கொண்டால், இரண்டு கட்ட கியர்பாக்ஸ் 100 கிலோவாட் கடத்தும்போது ஏறத்தாழ 4 கிலோவாட் வெப்பமாக மாறுகிறது. கூலர் இல்லாதபோது அந்த வெப்பம் வெளியேற மேலோடே முக்கிய வழி என்பதால், அதன்மேல் தூசியும் மண்ணும் அடையவிடாமல் வைத்திருப்பதும் பராமரிப்பில் அடங்கும்.

அதன்பின் வரும் நாட்களில்

புதிய பற்கள் படியும்போது துகள்கள் உதிர்வதால், முதல் ஆயில் மாற்றத்தைச் சில நூறு மணி நேர ஓட்டத்துக்குள்ளேயே செய்யும்படி பல தயாரிப்பாளர்கள் கேட்கிறார்கள். அதைத் தள்ளிப்போடக் கூடாது. பிறகு கனிம ஆயிலுக்குச் சில ஆயிரம் மணி நேரம் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அது என்பது பரவலான வழக்கம். செயற்கை ஆயிலுக்கு இன்னும் நீளும். ஆயிலின் வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்ற அனுபவ விதியை நினைவில் கொண்டு, சூடான இடங்களில் இந்தக் காலத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் மாதிரி எடுத்து இரும்பின் அளவு, தண்ணீர், பிசுபிசுப்பு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதினால், ஒரு தனி எண்ணைவிட அந்த எண்கள் ஏறும் போக்கு அதிகம் சொல்லும்.

பிரீதரை ஆயில் மாற்றத்தோடு சேர்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். அது அடைத்துக்கொண்டால் உள்ளழுத்தம் கூடிப் புதிய சீலையே கசியவைக்கும். சீலை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் பலமுறை பிரீதரைப் பார்க்காதவர்களாக இருப்பார்கள். இணைப்பு போல்ட்களின் இறுக்கத்தை முதல் சில நாட்களின் ஓட்டத்துக்குப் பின் ஒருமுறையும், பிறகு கையேட்டில் சொன்ன இடைவெளியிலும் சரிபார்க்க வேண்டும்.

மாற்றாகக் கிடங்கில் வைக்கும் கியர்பாக்ஸை அதிரும் தளத்தில் வைக்கக் கூடாது. சுழலாமல் அதிர்ந்துகொண்டிருக்கும் பேரிங்கில் ரோலர்கள் நின்ற இடத்திலேயே குழி பறிக்கும். துருத்தடுப்பு ஆயிலை நிரப்பி, பிரீதர் துளையைப் பிளக்கால் மூடி, சில வாரங்களுக்கு ஒருமுறை இன்புட் ஷாஃப்ட்டைக் கையால் பல சுற்றுகள் சுழற்றிவிட வேண்டும். இன்புட் பல சுற்று சுற்றினால்தான் அவுட்புட் ஒரு சுற்றாவது நகரும் என்பதால், அவுட்புட் ஷாஃப்ட்டில் ஒரு குறி இட்டு, அது ஒரு முழுச் சுற்றையும் அதன்மேல் கால் சுற்றையும் கடந்து புதிய இடத்தில் நிற்கும்வரை சுழற்ற வேண்டும். பயன்பாட்டுக்கு எடுக்கும் நாளில் அந்த ஆயிலை வடித்து, பிளக்கை எடுத்துவிட்டுப் பிரீதரைப் பொருத்தி, பெயர்த்தகட்டில் உள்ள ஆயிலை நிரப்ப வேண்டும்.